கெலவரப்பள்ளி நுரையும் வர்த்தூர் ப்ளோயரும்

பெங்களூரில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறக்கும்போது தண்ணீரோடு நுரையும் சேர்ந்து வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு மூட்டைகளைப் பிரித்து ஆற்றில் கொட்டியதுபோல இருக்கும். கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். காற்று அடித்தால் நுரைத் துண்டுகள் பறந்து வந்து வரப்பிலும் பயிர் மேலும் உட்காரும். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திச் செல்போனில் படம் எடுப்பார்கள். கால்வாய்ப் பாசனக்காரர்கள் படம் எடுப்பதில்லை. அன்றைக்கு அவர்களுக்குத் தண்ணீர் முறை இருக்கும்.

அணையின் முழு நீர்மட்டம் 44.28 அடி. இடது, வலது கால்வாய்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 8,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. நெல், கேழ்வரகு, காய்கறி, கீரை, பூ என்று கலவையான பயிர்கள். இந்த ஆயக்கட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் மகன் பெங்களூரு வர்த்தூரில் குடியிருக்கிறார். மாதம் ஒரு முறையாவது அப்பா அங்கே போய்வருவார். போகும்போது கேழ்வரகு மாவும் ஒரு கட்டுப் புதினாவும் கொண்டு போவது வழக்கம். கொஞ்ச நாளாகப் புதினாவை மருமகள் வாங்கி வைத்துவிட்டுச் சமைக்காமல் விட்டுவிடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். “அது நுரைத் தண்ணியில விளைஞ்சதாச்சே மாமா” என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அவர் அந்த 30 சென்ட் கீரையை நம்பித்தான் வாரச் செலவை ஓட்டுகிறார். நெல்லும் கேழ்வரகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பணம் தரும். கீரை வாரம் இரண்டு முறை தரும். அதனால் “நுரை வந்த தண்ணியப் பயிருக்கு விடலாமா, கூடாதா?” என்ற கேள்வி அவருக்கு வெறும் பேச்சல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து விவசாயிகள் கூடும் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வியும் இதுதான். பதில் சொல்ல வேண்டுமானால் நுரையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

எதிர்த் திசையில்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அத்திப்பள்ளி வழியாக நெடுஞ்சாலை இருக்கிறது. அந்த விவசாயி அதில் போவதில்லை. பாகலூர், சர்ஜாபுரா, தொம்மசந்திரா வழியாகப் பேருந்து மாறி மாறிப் போனால் வர்த்தூர் கிட்டே. தென்பெண்ணை வருகிற வழியும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். கர்நாடகத்தில் இதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஒசக்கோட்டை வழியாகப் பெங்களூரின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்.

சர்ஜாபுராவை ஒட்டிய முகலூர் பக்கம் ஆற்றைப் பார்த்தால் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. ஆனால் இரு கரையிலும் பச்சை குறைவதில்லை. மோட்டார் வைத்து இறைத்துத் தீவனப் புல்லும் கீரையும் காய்கறியும் போடுகிறார்கள். மழை இல்லாத மாதங்களில் இந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி பெங்களூரு நகரம் பயன்படுத்திவிட்டு அனுப்பும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் பூர்வீகம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பெங்களூருக்குக் குடிநீர், தொரேக்காடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், பல கட்டங்களாக மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர். வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் போடும் பொதுக் கணக்கு. நகரின் கிழக்கு, தென்கிழக்குச் சரிவில் விழுவது பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் போகிறது. ஆக, கெலவரப்பள்ளிக் கால்வாயில் வருவதில் ஒரு பங்கு காவிரித் தண்ணீர். அது ஒரு நகரத்தின் சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வேறொரு ஆற்றில் இறங்கி வருகிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த கொத்தமல்லி, மறுபடி லாரி ஏறி அதே நகரத்துக்குப் போகிறது.

பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர். பெங்களூரில் பெரியது அதுதான். அடுத்தது வர்த்தூர். பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பிடித்துச் செய்தியானது. அடிச்சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவா, மேலே காய்ந்துகிடந்த புல்பூண்டும் குப்பையுமா, எது பற்றியது என்பதில் வாதங்கள் உண்டு. இரண்டு ஏரிகளின் கலங்கிலும் நுரை மலைபோல எழும்பிச் சாலையை மறைத்த நாட்களும் உண்டு. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, பிறகு ஏரியை வடித்துச் சேறு அள்ளும் வேலை தொடங்கியது.

நுரை எப்படி உண்டாகிறது என்பதை இந்த இடத்தில் புரிந்துகொள்வது நல்லது. துணி சோப்பு, பாத்திர சோப்பு, ஷாம்பு எல்லாவற்றிலும் நுரை தரும் பொருள் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் அது சும்மா கிடக்கும். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கும் இடத்தில், அதாவது கலங்கிலும் மதகிலும், பொங்கி எழும்பும். சாக்கடைத் தண்ணீர் ஆற்றுக்கு வருமுன்பே ஒரு தொட்டியில் நாள் முழுக்கக் காற்றோடு கலந்திருந்தால், அந்தச் சோப்பில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்கும். தொட்டியில் கிடைத்திருக்க வேண்டிய காற்று, கெலவரப்பள்ளி மதகில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது.

அடித்தளத்தில் ஒரு சத்தம்

மகன் குடியிருப்பது பல மாடிக் குடியிருப்பு. பெங்களூரில் இப்படிப் பெரிய குடியிருப்புகள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்க வேண்டும் என்பது விதி. அதனால் கார் நிறுத்தும் அடித்தளத்தின் ஒரு மூலையில் சிறு சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். குடியிருப்பவர்களில் பாதிப் பேர் அதை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு மோட்டார் சத்தம் கேட்டால் சும்மா இருக்க முடியாது. ஒரு காலையில் சத்தம் வந்த திசையில் இறங்கிப் போனார். உள்ளே தர்மபுரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஆபரேட்டராக இருந்தார்.

“தம்பி, இது எத்தனை எச்.பி. மோட்டாரு? தண்ணி மேல ஏத்துறதா?”

“இல்லீங்க ஐயா, தண்ணி ஏத்துறது அந்தப் பக்கம். இது காத்து அடிக்கிறது.”

“தண்ணிக்கு எதுக்குப்பா காத்து?”

“உள்ள பாக்டீரியா இருக்குங்க ஐயா. அது மூச்சு விட்டாத்தான் அழுக்கத் தின்னும்.”

முழு விஷயமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. சுத்திகரிப்பு நிலையம் என்றதும் ஏதோ மருந்து ஊற்றிச் சாக்கடையைத் தெளிய வைக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் கம்பி வலையில் துணி, பிளாஸ்டிக் தங்கும். மணல் அடியில் படியும். கடைசியில் குளோரின் போடுவதும் உண்டு. ஆனால் கரைந்திருக்கும் மலம், சோறு, எண்ணெய், சோப்பு இவற்றை எடுப்பது நடுவில் இருக்கும் காற்றுத் தொட்டி. அங்கே வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குச் சாப்பாடு சாக்கடையிலேயே வந்துவிடும். காற்றுதான் வராது, அதை நாம் கொடுக்க வேண்டும்.

காரணம், தண்ணீர் காற்றைத் தாங்குவதில் மிகவும் கஞ்சம். நம் சுற்றுப்புறக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வது ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான். வெயில் ஏற ஏற அதுவும் குறையும். வீட்டுச் சாக்கடை ஒரு லிட்டரில் உள்ள அழுக்கைத் தின்ன, நுண்ணுயிர்களுக்கு ஐந்து நாளில் 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். இந்தத் தேவையைத்தான் பி.ஓ.டி. என்று குறிப்பிடுகிறார்கள். கையிருப்பு ஏழு, தேவை இருநூறுக்கு மேல். இடைவெளியை நிரப்பத்தான் ஏரேட்டர்.

அந்த அடித்தளத்தில் இருந்தது ப்ளோயர் வகை. பம்ப்செட்டைப் போலவே மோட்டார், பெல்ட், புல்லி. ஆனால் இம்பெல்லருக்குப் பதிலாக உள்ளே ஒன்றோடொன்று உரசாமல் எதிர் எதிராகச் சுழலும் இரண்டு உருளைகள். அவை காற்றை வாங்கிக் குழாயில் தள்ளும். நாலு, ஐந்து மீட்டர் ஆழத் தண்ணீரின் எடையைத் தள்ளிக்கொண்டு காற்று அடியில் இறங்க வேண்டுமல்லவா, அந்த அழுத்தத்தில் காற்று சூடாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ளோயரின் குழாயில் கை வைத்தால் சுடும். அந்த விவசாயியும் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இழுத்தார். தொட்டியின் தரையில் ரப்பர் சவ்வு போர்த்திய டிஃப்யூசர்கள் வரிசையாக இருக்கும். அந்தச் சவ்வில் ஊசிக்கண் போன்ற துளைகள். அதன் வழியே காற்று சிறு சிறு குமிழிகளாக ஏறும். குமிழி சிறிதானால் தண்ணீரைத் தொடும் பரப்பு கூடும், ஏறும் வேகமும் குறையும். பெரிய குமிழி பட்டென்று மேலே வந்து வெடித்துவிடும். உள்ளிருந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி தண்ணீருக்குச் சேராது. எனவே நல்ல தொட்டியைப் பார்த்தாலே தெரியும். மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக மெல்லப் பொரிந்துகொண்டிருக்கும். ஒரே இடத்தில் உலை கொதிப்பதுபோலப் பொங்கினால் அங்கே சவ்வு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய நகராட்சி நிலையங்களில் இன்னொரு வகையைப் பார்க்கலாம். தொட்டிக்கு மேல் மேடை கட்டி, அதில் செங்குத்தாக மோட்டார் நிற்கும். கீழே அகலமான இம்பெல்லர் தண்ணீரின் மேல்மட்டத்தை வாரி வாரி நாலா பக்கமும் வீசும். வீசிய தண்ணீர் காற்றை வாங்கிக்கொண்டு விழும். இது சர்ஃபேஸ் ஏரேட்டர். மீன், இறால் பண்ணைகளில் சுற்றும் துடுப்புச் சக்கரமும் இதற்குத் தம்பி முறைதான். மூன்றாவது, தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஏரேட்டர் பம்ப். நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரை வேகமாகத் தள்ளும். அந்த வேகத்தில் உண்டாகும் இழுப்பில், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய் வழியாகக் காற்று தானே உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். சொட்டுநீரில் உரம் விட வெஞ்சூரி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே உரக்கரைசலை இழுக்கிறது, இங்கே காற்றை இழுக்கிறது. சத்தம் குறைவு, தனி அறை தேவையில்லை. ஆனால் பழுது பார்க்க வேண்டுமானால் சாக்கடைக்குள்ளிருந்து தூக்க வேண்டும். அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று நினைத்தால், வாங்கும்போதே மேலே தூக்கும் சங்கிலியும் வழிகாட்டிக் கம்பியும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நியாயம்.

உறை மோர்

ஆபரேட்டர் ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னல் ஓரம் வைத்தார். காபிப் பொடி நிறம். அரை மணி நேரத்தில் பழுப்புக் கசடு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. இது தினமும் செய்ய வேண்டிய சோதனை. கசடு பழுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு இருந்தால் காற்று போதும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. கசடு படியாமல் மேலே மேலே நின்றால் உள்ளே தப்பான உயிர்கள் பெருகிவிட்டன.

அடியில் தங்கிய அந்தக் கசட்டைத் தூக்கி எறிவதில்லை. அதில் பெரும்பங்கை மறுபடி காற்றுத் தொட்டிக்கே பம்ப் செய்கிறார்கள். “இது நம்ம உறை மோரு மாதிரி” என்று சட்டென்று பிடித்துக்கொண்டார் விவசாயி. அதேதான். இந்த முறையைக் கண்டுபிடித்த கதையும் அப்படித்தான் நடந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முதல் முறை முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடிக்கசட்டை அப்படியே வைத்துப் புதிய சாக்கடையை ஊற்றி மறுபடி ஊதினார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு நாளுக்குள் முடிந்தது. 1914-இல் இதை வெளியிட்டார்கள். இன்று உலகத்தின் பெரும்பாலான நகரங்களில் ஓடுவது இந்த உறை மோர் முறையும் அதன் வகைகளும்தான்.

இதில் விவசாயிக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம் இன்னொன்று இருக்கிறது. யூரியா போட்டால் மண்ணில் அமோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுகிறது. அதைச் செய்பவை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற உயிரிகள். சாக்கடையில் சிறுநீர் வழியாக வரும் யூரியாவுக்கும் நடப்பது அதே மாற்றம்தான், செய்வதும் அதே இன உயிரிகள்தான். ஆனால் இதற்கு ஆகும் ஆக்சிஜன் அதிகம். ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். இந்த உயிரிகள் மெதுவாகப் பெருகுபவை. காற்று குறைந்தால் முதலில் வேலையை நிறுத்துபவையும் இவைதான். தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தும் மூக்கில் அமோனியா நெடி ஏறினால் காரணம் இதுதான். அப்படிப்பட்ட தண்ணீர் ஏரிக்குப் போனால், மீதி ஆக்சிஜனை ஏரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தவர்கள் உண்டு.

பத்து மணிக்கு மேல்

“நாள் பூரா ஓடுமா தம்பி இது?”

இளைஞர் கொஞ்சம் தயங்கினார். “ஓடணுங்க ஐயா. ராத்திரி பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லிடுவாங்க. முதல் மாடியில சத்தம் கேக்குதாம். கரண்ட் பில்லும் ஜாஸ்தி. காலையில அஞ்சு மணிக்குப் போடுவேன்.”

“அந்த ஏழு மணி நேரம் உள்ள இருக்கிறதுங்க?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: காற்றுத் தொட்டியில் எப்போதும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். ப்ளோயரை நிறுத்தினால் கோடிக்கணக்கான உயிர்கள் சேர்ந்து அந்த இரண்டைச் சில நிமிடங்களில் உறிஞ்சித் தீர்த்துவிடும். மீதி நேரமெல்லாம் மூச்சுத் திணறல். கசடு அடியில் படிந்து அழுகத் தொடங்கும். காலை ஐந்து மணிக்கு மறுபடி காற்று போகும்போது அவை சோர்ந்து கிடக்கும். அடுத்த ஒரு மணி நேரத்தில் குடியிருப்பு முழுதும் எழுந்து குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவும். நாளின் மிகப் பெரிய சுமை, மிகவும் பலவீனமான நேரத்தில் வந்து விழுகிறது. அன்று சரியாகத் தெளியாத தண்ணீர் வடிகாலுக்குப் போகிறது. வடிகால் ஏரிக்கு.

சில வகைத் தொட்டிகளில் வேண்டுமென்றே காற்றை நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதுண்டு. நீர் தேங்கிய நெல் வயலின் அடிமண்ணில் நைட்ரேட் வாயுவாகப் பறந்து போகிறதே, அதே மாற்றத்தைத் தொட்டியில் நடத்தி நைட்ரஜனைக் குறைப்பதற்காக. அது கணக்குப் போட்டு, நேரம் வைத்து நிறுத்துவது. பில்லுக்குப் பயந்து இரவு முழுக்க நிறுத்துவதும் அதுவும் ஒன்றல்ல.

பில் எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிடலாம். ஒரு கோடி லிட்டர் சாக்கடை, லிட்டருக்கு 250 மில்லிகிராம் பி.ஓ.டி. என்றால் 2,500 கிலோ ஆக்சிஜன் வேண்டும். சர்ஃபேஸ் ஏரேட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரை கிலோ ஆக்சிஜன் கரைப்பதாக வைத்தால் சுமார் 1,670 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 11,700 ரூபாய். அமோனியாவை மாற்ற ஆகும் காற்று தனி. சுத்திகரிப்பு நிலையத்தின் மொத்த மின்செலவில் பாதிக்கு மேல் காற்று ஊதுவதற்கே போகிறது என்பது எங்கும் காணும் நிலை. செலவைக் குறைக்கச் சொன்னால் நிர்வாகியின் கை முதலில் போவது அந்த சுவிட்சுக்குத்தான். நிறுத்தியதால் மேலே குடியிருப்பவருக்கு ஒரு கஷ்டமும் தெரியாது. மிச்சமான பணம் கணக்கில் தெரியும், ஏழு மணி நேர மூச்சுத் திணறல் கணக்கில் வராது. அது கீழே ஆயக்கட்டுக்காரர் கணக்கில் எழுதப்படும். செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. டிஃப்யூசரைக் காலத்தில் சுத்தம் செய்வது, காற்று ஃபில்டரைத் தட்டுவது, தளர்ந்த பெல்ட்டை இழுத்துக் கட்டுவது, கரைந்த ஆக்சிஜனை அளந்து தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி வைப்பது. சத்தத்துக்கு ப்ளோயரைச் சுற்றி மூடி போடலாம்.

பெங்களூரைக் குறை சொல்லும் முன் ஒன்று. நம் பக்கத்து நகராட்சி நிலையங்களில் எத்தனை ஏரேட்டர் இரவு பன்னிரண்டு மணிக்கு ஓடுகிறது என்று நாமும் போய் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோலாரில் நடந்தது

காற்று முழுதாகக் கொடுத்தால் அந்தத் தண்ணீர் என்னவாகும் என்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு நிலையங்களில் சுத்திகரித்த தண்ணீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற திட்டத்தில், கோலார் மாவட்டத்துக்கும் சிக்கபள்ளாப்பூரின் சிந்தாமணிப் பக்கத்துக்கும் பம்ப் செய்து 126 ஏரிகளை நிரப்பும் வேலை 2018 ஜூனில் தொடங்கியது. கே.சி. வேலி திட்டம் என்று பெயர். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் காற்று வந்த ஊர்கள் அவை. முதல் தண்ணீர் லட்சுமிசாகரா ஏரியில் விழுந்தபோது பார்க்கக் கூட்டம் கூடியது. அடுத்த மாதமே அதே ஏரியில் நுரை வந்தது. பம்பிங் நின்றது, விவகாரம் நீதிமன்றம் போனது, பிறகு மறுபடி தொடங்கியது. ஏரியிலிருந்து நேரடியாக இறைத்துப் பாய்ச்சக் கூடாது, நிலத்தடியில் ஊறிக் கிணற்றில் வருவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிணறுகளில் தண்ணீர் ஏறியது. தக்காளியும் மல்பெரியும் திரும்பி வந்தன. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் விடாமல் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஏனென்றால் காற்றுத் தொட்டி அழுக்கைத் தின்னும். உப்பைத் தின்னாது, தொழிற்சாலையிலிருந்து வரும் கன உலோகத்தையும் தின்னாது.

விடலாமா, கூடாதா?

கெலவரப்பள்ளி விவசாயியின் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. பயிரைப் பொறுத்தது.

கீரை, புதினா, கொத்தமல்லி, வெள்ளரி, கேரட், முள்ளங்கி போன்று பச்சையாகவோ அரை வேக்காட்டிலோ தின்பவற்றுக்கு நுரை வரும் நாட்களில் இந்தத் தண்ணீர் வேண்டாம். பயம் நுரையைப் பார்த்து அல்ல, அதோடு வரும் குடல் கிருமிகளையும் புழு முட்டைகளையும் பார்த்து. கிணறு இருந்தால் கீரைப் பாத்தியைக் கிணற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பூ, மல்பெரி, மரப்பயிர் ஆகியவற்றுக்குப் பாதிப்பு குறைவு. நெல்லும் கேழ்வரகும் காய்ந்து, குத்தி, அரைத்து, வெந்து வருபவை. அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தீவனப் புல்லையும் பாய்ச்சிய கையோடு அறுக்காமல் சில நாள் வெயில் காட்டி அறுப்பது நல்லது. தெளிப்பு நீர்ப் பாசனம் எந்தப் பயிருக்கும் வேண்டாம், இலையெல்லாம் கிருமி படியும். மடை திருப்புபவர் காலில் பூட்ஸ் போட வேண்டும். சேற்றுப் புண்ணோடு இறங்கவே கூடாது.

உரக் கணக்கையும் மாற்ற வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால், 2 கிலோ நைட்ரஜன் இலவசமாக வயலுக்கு வந்துவிட்டது. இரண்டு அங்குலமாக ஐந்து முறை கட்டினால் 20 கிலோ. அது 43 கிலோ யூரியாவுக்குச் சமம், கிட்டத்தட்ட ஒரு மூட்டை. இதைக் கழிக்காமல் வழக்கமான மேலுரத்தையும் போட்டால் பயிர் கருகருவென்று வளரும், பூச்சியைக் கூப்பிடும், நெல் சாயும். “தண்ணி கெட்டதால பயிர் சாஞ்சது” என்பதில் பாதி, யூரியா கூடியதால் சாய்ந்தது.

எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, நிரப்பி மூடி, தேதி எழுதி, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். நுரை வரும் நாளில் ஒன்று, வராத நாளில் ஒன்று. மின்கடத்தும் திறன் 0.7-க்குக் கீழே இருந்தால் உப்புக் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. நடுவில் இருந்தால் வடிகால் நன்றாக இருக்கும் நிலத்தில் மட்டும் பாய்ச்சி, மழை நீரிலோ கிணற்று நீரிலோ அவ்வப்போது அலசி விடலாம். சோடியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். களிமண் நிலக்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

அந்த விவசாயி ஊர் திரும்பியதும் கீரைப் பாத்தியைக் கிணற்றடிக்கு நகர்த்தினார். கிணற்றில் இருக்கும் தண்ணீருக்கு 30 சென்ட் தாங்காது, 12 சென்ட்தான். மீதி இடத்தில் ரோஜா வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் கொடுத்திருக்கிறார், முடிவு வரவேண்டும்.

அடுத்த மாதம் மகன் வீட்டுக்குப் போனபோது பையை மேலே கொடுத்துவிட்டு இரவு பத்தேகாலுக்கு அடித்தளத்துக்கு இறங்கினார். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பழைய மெத்தையும் ஒட்டுப்பலகையும் வைத்து ஒரு மூடி கட்டியிருந்தார்கள். “காத்து உள்ள போறதுக்கு வழி விட்டிருக்கியா தம்பி?” என்று கேட்டுவிட்டு, குழாயில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார்.